40 நிமிடப் பாடவேளையில் வாசிப்பும் கலந்துரையாடலும்: தரம் 8 ஆங்கில ஆசிரியை ஒருவருக்கு விரிவான பதில்

யாழ்ப்பாணத்தின் தென்மராட்சியில் தரம் 8 மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. வகுப்பில் 36 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம். பாடநூலில் உள்ள பந்தியை வாசித்துக் கேள்வி கேட்டால் முன் வாங்கில் இருக்கும் அதே நான்கு பேர்தான் கை உயர்த்துகிறார்கள். குழுவாக இருந்து கலந்துரையாடச் சொன்னால் தமிழில் ஊர்க்கதை தொடங்கிவிடுகிறது. பக்கத்து வகுப்பிலிருந்து முறைப்பாடும் வந்துவிடுகிறது. எந்தச் செயற்பாடுகளைச் செய்தால் பிள்ளைகள் உண்மையில் வாசித்துப் பேசுவார்கள், வகுப்பில் தமிழை அனுமதிக்கலாமா, இவற்றுக்குப் புள்ளி இடுவது எப்படி என்று அவர் கேட்கிறார்.

செயற்பாடுகளின் பெயர்கள் பயிற்சிப் பட்டறைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. நான் பல ஆண்டுகள் வகுப்பறையிலும், பின்னர் ஆசிரிய ஆலோசகராக மற்றவர்களின் வகுப்புகளில் கடைசி வாங்கிலும் இருந்து பார்த்த அளவில், செயற்பாடு தெரியாததால் கலந்துரையாடல் படுத்துவிடுவதில்லை. கேட்கப்படும் கேள்வியால்தான் அது படுத்துவிடுகிறது. அந்தப் பையனின் பெயர் என்ன, அவன் எங்கே போனான், அவனிடம் எத்தனை மாம்பழங்கள் இருந்தன என்ற வகைக் கேள்விகளுக்கான விடை ஆசிரியரிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நான்கு பேர் கூடி இருந்து பேசுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை பத்து விநாடியில் விடையைச் சொல்லிவிட, மற்ற மூவரும் நேற்று நடந்த கிரிக்கெட் போட்டியைப் பற்றிப் பேசத் தொடங்குவது ஒழுக்கக் குறைவு அல்ல, வேலை முடிந்துவிட்டதன் அறிகுறி.

வாசிப்பு முடிந்த பிறகு செய்யும் பயிற்சியாகக் கலந்துரையாடலைக் கருதும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். பிள்ளை அதே பந்தியை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வாசிப்பதற்கு ஒரு காரணத்தைத் தருவதே கலந்துரையாடலின் வேலை. அதற்கு, பந்திக்குள் சான்று இருந்தும் நேரடி விடை இல்லாத ஒரு கேள்வி வேண்டும். சொல்வதை விட ஓர் உதாரணத்தைக் காட்டுவது நல்லது. நானே எழுதிப் பல வகுப்புகளில் பயன்படுத்திய ஒரு சிறு பந்தி இருக்கிறது. ஆங்கிலத்தில் பத்து வரிகளுக்குள் அடங்கும். அதன் கதையைத் தமிழில் தருகிறேன்.

ஒரு பையன் மாலையில் சந்திக் கடைக்குப் பாண் வாங்கப் போகிறான். கடையில் வேறு எவரும் இல்லை. பாணின் விலை 180 ரூபாய். அவன் ஒரு 500 ரூபாய்த் தாளைக் கொடுக்கிறான். வயதான கடைக்காரர் தமது மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே மிச்சக் காசைக் கொடுக்கிறார். பையன் வீதி விளக்கின் கீழ் நின்று அதை இரண்டு தரம் எண்ணுகிறான். 820 ரூபாய் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும், ஏன் இவ்வளவு நேரம் என்று தாய் கேட்கிறார். கடையில் சனம் என்கிறான். மறுநாள் காலை அவன் வேறொரு ஒழுங்கையால் பாடசாலைக்குப் போகிறான்.

கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பையன் மேலதிகக் காசைத் திருப்பிக் கொடுத்தானா? பந்தி அதைச் சொல்லவில்லை. காசு கூடிவிட்டது என்பதைக்கூட அது சொல்லவில்லை. கழித்துப் பார்த்தால்தான் தெரியும். நான் அதை இரண்டு முறை உரக்க வாசித்துவிட்டு, பிள்ளைகளை மௌனமாக ஒரு முறை வாசிக்கச் செய்தேன். பின்னர், எவருடனும் பேசாமல், கொப்பியில் ஆம் அல்லது இல்லை என்று எழுதி, அதற்குக் காரணமான வரியின் இலக்கத்தையும் குறிக்கச் சொன்னேன். அதன் பிறகே பக்கத்தில் இருப்பவருடன் பேச்சு, பின்னர் நால்வராகப் பேச்சு. இந்த ஒழுங்கை 1981இல் பிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் முன்வைத்தார். சிந்தித்தல், சோடியாகப் பேசுதல், பகிர்தல் என்ற மூன்று படிகளாக இன்று பல ஆசிரியப் பயிற்சிகளில் அது சொல்லித்தரப்படுகிறது. ஆனால் நேரம் போதாது என்று பெரும்பாலும் வெட்டப்படுவது முதற்படிதான். தனியே எழுதிய ஒரு சொல் கொப்பியில் இல்லாத பிள்ளைக்குக் குழுவில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. நால்வரில் முதலில் பேசுபவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஆண்டு முழுவதும் ஆங்கிலப் பாடத்தில் வாய் திறக்காத ஒரு பையன் எழுந்து, "ஷொப் எம்ப்ரி. ஹி சே குறவுட். லை." என்றான். அதாவது, இரண்டாம் வரியில் கடை வெறுமையாக இருந்தது, தாயிடம் சனம் என்று சொன்னது பொய். அவனுடைய முடிவு, காசு திரும்பவில்லை என்பது. உடனே வலப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை, "யெஸ், லை. பட் ஷொப் எம்ப்ரி, ஸோ வை லேட்?" என்று கேட்டாள். கடையில் சனம் இல்லை என்றால் அவன் பிந்தியது ஏன், திரும்பிப் போய்க் காசைக் கொடுத்ததால்தானே என்பது அவளுடைய வாதம். வகுப்பு முழுவதும் மறுபடியும் பந்தியைப் பார்த்தது. அப்படியானால் மறுநாள் ஒழுங்கையை மாற்றியது ஏன் என்று இன்னொருவர் கேட்க, அவன் திரும்பிப் போனபோது கடை பூட்டியிருந்திருக்கும், அதனால்தான் காலையில் அந்தப் பக்கம் போகக் கூச்சப்பட்டான் என்று மூன்றாவது வாங்கிலிருந்து ஒரு விளக்கம் வந்தது. பந்தியை எழுதிய எனக்கே அந்த விளக்கம் அதுவரை தோன்றவில்லை.

இந்தப் பேச்சில் இலக்கணப் பிழைகள் நிறைய. நான் நடுவில் ஒன்றையும் திருத்தவில்லை. பேசியவர்களின் வாக்கியங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் அவற்றையே சரியான வடிவில் பலகையில் எழுதி, எல்லோரையும் கொப்பியில் எழுதச் செய்தேன். தான் சொல்ல முயன்ற கருத்து சரியான ஆங்கிலத்தில் பலகையில் நிற்பதைக் காணும் பிள்ளை, அந்த வாக்கியத்தைப் பயிற்சிநூலில் நிரப்பிய வாக்கியத்தை விட நீண்ட நாள் நினைவில் வைத்திருக்கிறது.

பேசத் தொடங்குவதற்குக் கைப்பிடி வேண்டும். மூன்று வாக்கியத் தொடக்கங்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்: "ஐ திங்க்… பிகாஸ் லைன்… சேய்ஸ்…", "ஐ அகிறீ வித்… பட்…", "வெயார் டஸ் இற் சே தற்?" மூன்றாவதுதான் மிகப் பயனுள்ளது. அது எங்கே சொல்லியிருக்கிறது என்று ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையைக் கேட்கப் பழகிவிட்டால், நீங்கள் பாதி நேரம் பேசாமல் இருக்கலாம். பேசாமல் இருப்பதும் பழக வேண்டிய ஒன்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியதன்படி, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, பதில் சொல்லாமல் விடுபவர்களும் குறைந்தார்கள். இரண்டாம் மொழியில் வாக்கியத்தை மனத்தில் கோக்க வேண்டிய பிள்ளைக்கு மூன்று விநாடிகூடப் போதாது. நான் மனதுக்குள் ஏழு வரை எண்ணுவேன். ஐந்தாவது எண்ணில் மிகவும் சங்கடமாக இருக்கும்.

தமிழை அனுமதிக்கலாமா என்ற கேள்விக்கு என் சொந்தத் தவறிலிருந்து பதில் சொல்ல வேண்டும். ஆசிரியத் தொழிலின் தொடக்கத்தில், ஒரு பாடசாலையில், ஆங்கிலப் பாடத்தில் தமிழ் பேசினால் தண்டம் என்று மேசையில் ஒரு பால்மாப் பேணியை வைத்தேன். மூன்று வாரத்தில் பேணியில் காசு விழுவது நின்றது; பிள்ளைகள் ஆங்கிலம் பேசத் தொடங்கியதால் அல்ல, எதுவுமே பேசாமல் விட்டதால். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் சுரேஷ் கனகராஜா 1990களில் இங்குள்ள பாடசாலைகளின் ஆங்கில வகுப்புகளைக் கவனித்து எழுதியபோது, ஆங்கிலம் மட்டும் என்ற விதியைத் தாண்டி ஆசிரியர்களும் மாணவர்களும் தமிழைப் பல வேலைகளுக்குப் பயன்படுத்துவதையும், அதில் பயன் இருப்பதையும் பதிவு செய்தார். இது எங்களுக்குப் புதியதும் அல்ல. 1841இல் அமெரிக்க மிஷனின் ஆதரவில் இங்கிருந்து வெளிவரத் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை தமிழையும் ஆங்கிலத்தையும் ஒன்றாகவே தாங்கி வந்தது.

ஆகவே என் விதி எளிமையானது. சோடியாகப் பேசும்போது எந்த மொழியிலும் பேசலாம். குழு முடிவு செய்து வகுப்புக்குச் சொல்லும் வாக்கியம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழில் மூன்று நிமிடம் சண்டை பிடித்த ஒரு கருத்தை ஒரே ஆங்கில வாக்கியமாக மாற்ற அவர்கள் படும் பாட்டில்தான் மொழி வளர்கிறது. நீங்கள் குழுக்களுக்கு இடையே நடக்கும்போது, தமிழ் பேசுகிறார்களா என்று பார்க்க வேண்டாம். பந்தியைப் பற்றிப் பேசுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஊர்க்கதை என்றால் மொழி எதுவானாலும் நிறுத்த வேண்டியதுதான்.

பந்தியைத் தெரிவு செய்வதில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தெரியாத சொற்களின் அளவு. ஹூ, போல் நேஷன் என்ற இரண்டு மொழி ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, உதவியின்றி ஒரு கதையைப் போதியளவு விளங்கிக்கொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதியதாக இருக்கலாம். பாடநூலின் பந்திகளை இந்த அளவுகோலால் பார்த்தால், தரம் 8இல் பல பிள்ளைகளுக்கு அவை அளவுக்கு மீறிக் கடினம் என்பது தெரியவரும். அதற்காகப் பாடநூலை ஒதுக்க முடியாது. பந்தியில் பாதியை எடுத்து, ஐந்தாறு சொற்களை வாசிப்புக்கு முன்பே பலகையில் விளக்கி, மறு பாதியை அடுத்த பாடவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாடவேளையில் முழுப் பாடத்தையும் முடித்துக்காட்டும் ஆசிரியரைப் பெற்றோர் மெச்சுவார்கள் என்பது உண்மை. எத்தனை பாடம் முடிந்தது என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள்.

மற்றது, பிள்ளைக்கு அந்த விடயம் முன்பே தெரியுமா என்பது. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 7ஆம், 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்போல் போட்டியைப் பற்றிய பந்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பலவீனமானவர்களாக இருந்தும் பேஸ்போலை நன்கு அறிந்த பிள்ளைகள், வாசிப்பில் வல்லவர்களாக இருந்தும் அந்த விளையாட்டை அறியாத பிள்ளைகளை விட நன்றாக விளங்கிக்கொண்டார்கள். இங்கே அதைச் செய்து பார்க்க விரும்பினால், யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே நடக்கும் வடக்கின் பெரும்போரைப் பற்றி ஓர் ஆங்கில அறிக்கையை எட்டு வரியில் எழுதிக் கொடுத்து, கடைசி வாங்கு எப்படி விழிக்கிறது என்று பாருங்கள். பனித்துகள் பெய்யும் ஊர்களைப் பற்றிய பந்திகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கலந்துரையாடப் பழகும் முதல் இரண்டு மாதங்களில் பிள்ளையின் சிந்தனை முழுவதும் மொழிக்கே செலவாகட்டும், விடயமும் அந்நியமாக இருக்க வேண்டாம்.

கட்டுரை வகைப் பந்திகளுக்கு, துண்டுகளைப் பொருத்தும் முறை நன்கு வாய்க்கும். எலியட் அரன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது ஏற்பட்ட பகைமையைத் தணிப்பதற்காக இதை உருவாக்கினார். எங்கள் கிணற்று நீரைப் பற்றி நான்கு சிறு பந்திகள் எழுதிக்கொள்ளலாம்: குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணாம்புக் கல் மழைநீரை எப்படித் தேக்கி வைக்கிறது, தோட்டத்து உரத்திலிருந்து நைத்திரேற்று எப்படிக் கிணற்றில் சேர்கிறது, அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் ஏன் மேலே வருகிறது, குளங்களைத் தூர்வாருவதால் என்ன பயன். குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பந்தி. எவரிடமும் முழுக் கதை இல்லாதபடியால், மற்றவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். ஒரு பிள்ளை வரவில்லை என்றால் அந்தத் துண்டு காணாமற் போய்விடும் என்பது இதில் உள்ள தலையிடி. பரீட்சை நெருங்கும் காலத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

பாலின்சார், பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984இல் விவரித்த பரிமாற்றக் கற்பித்தல் உங்கள் தரத்துக்கே பொருத்தமானது. அவர்கள் அதைப் பரிசோதித்ததும் வாசிப்பு விளங்காத 7ஆம் வகுப்புப் பிள்ளைகளுடன்தான். அடுத்து என்ன வரும் என்று ஊகித்தல், கேள்வி எழுப்புதல், விளங்காததைத் தெளிவாக்குதல், சுருக்கிச் சொல்லுதல் என்ற நான்கு வேலைகளையும் முதலில் ஆசிரியர் செய்து காட்டி, பின் படிப்படியாகப் பிள்ளைகளின் கையில் ஒப்படைப்பது அதன் சாரம். நான்கு அட்டைகளை வெட்டி, முதல் நாளே நால்வருக்கும் பகிர்ந்து கொடுப்பது எங்கும் நடக்கும் தவறு. என் அனுபவத்தில் அது நாடகமாகவே முடிகிறது. ஒரு தவணையை அதற்கு ஒதுக்குங்கள். முதல் மூன்று வாரம் தெளிவாக்குதல் மட்டும்: விளங்காத இடத்தில் விரலை வைத்து "ஐ டோன்ற் அண்டர்ஸ்ராண்ட் லைன் ஃபைவ்" என்று சொல்வதற்குக்கூட இங்கே ஒரு பிள்ளைக்குத் துணிவு வேண்டும். விளங்கவில்லை என்று சொல்வது வெட்கம் என்ற எண்ணம் எங்கள் வகுப்பறைகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. அதைக் கரைக்காமல் மற்ற மூன்றும் வராது.

வரிசையாக எழுப்பி ஆளுக்கொரு வரி வாசிக்கச் செய்யும் வழக்கத்தை நிறுத்திவிடுங்கள். தன் முறை வரும்வரை பிள்ளை தனக்கு வரப்போகும் வரியை எண்ணிக்கொண்டிருக்கிறது. முறை முடிந்ததும் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மறந்துவிடுகிறது. எழுத்துக் கூட்டியே வாசிக்க முடியாத ஏழெட்டுப் பேர் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். எல்லோர் முன்னும் அவர்களைத் தடுமாறவிடுவதில் கற்பித்தல் எதுவும் இல்லை. நீங்கள் ஒரு வாக்கியத்தை வாசிக்க வகுப்பு சேர்ந்து சொல்வது, பின் சோடியாக ஒருவருக்கொருவர் வாசிப்பது என்று போகலாம். அந்தச் சோடியில் மிகச் சிறந்த பிள்ளையையும் மிகப் பின்தங்கிய பிள்ளையையும் சேர்க்க வேண்டாம்; ஒருவர் வாசிக்க மற்றவர் தலையாட்டுவார். நடுத்தரப் பிள்ளையே பின்தங்கியவருக்குப் பொறுமையான துணை. பின்தங்கியவர்களின் கையில் கொடுக்க, பிரதம் புக்ஸ் என்ற இந்தியச் சிறுவர் நூல் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்திலிருந்து படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்சிடலாம். பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் முதலில் தமிழில் வாசித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வரலாம்.

சத்தத்தைப் பற்றி. வாங்குகளை இழுத்து வட்டமாக்க வேண்டாம். அந்தச் சத்தமே அதிபரை வரவழைத்துவிடும். முன் வாங்கில் இருக்கும் சோடி பின்னால் திரும்பினால் நால்வர் குழு ஆகிவிடும். பக்கத்து வகுப்பில் பரீட்சை நடக்கும் நாள்களில் எழுத்தால் உரையாடச் செய்யுங்கள். நால்வருக்கு ஒரு தாள்; முதல் பிள்ளை பந்தியைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதித் தாளைக் கொடுக்க, அடுத்தது அதற்கு உடன்பட்டோ மறுத்தோ ஒரு வாக்கியம் எழுதி நகர்த்தும். இரண்டு சுற்று வந்தால் எட்டு வாக்கியங்கள். அவசரத்துக்குச் செய்யும் மாற்று ஏற்பாடு என்று இதை நினைத்துத்தான் தொடங்கினேன். பேசக் கூச்சப்படும் பிள்ளைகள் இதில் எழுதிய மறுப்புகளைப் பார்த்த பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வேண்டுமென்றே செய்யத் தொடங்கினேன்.

புள்ளி இடுவது கடைசிக் கேள்வி. 36 பேரையும் ஒரே நாளில் கவனிக்க முயன்றால் ஒருவரையும் கவனிக்க மாட்டீர்கள். ஒரு பாடவேளைக்கு ஆறு பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு நடவுங்கள். ஆறு பாடவேளையில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும், ஒரு தவணையில் ஒவ்வொருவரையும் மூன்று முறையாவது பார்த்திருப்பீர்கள். மூன்று நிரல்கள் போதும்: பந்தியிலிருந்து ஒரு வரியைச் சான்றாகக் காட்டினாரா, மற்றவர் சொன்னதற்குப் பதிலாக ஏதாவது சொன்னாரா, ஓர் ஆங்கில வாக்கியத்தையாவது தாமே முயன்றாரா. இலக்கணத்துக்கு இந்தத் தாளில் நிரல் வேண்டாம். அதைப் பார்க்கத் தவணைப் பரீட்சை இருக்கிறது. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு ஆதாரம் கேட்டால் இந்தத் தாள்களையும், பிள்ளைகள் முதலில் தனியே எழுதிய ஆம், இல்லை விடைகள் உள்ள கொப்பிகளையும் காட்டலாம். அந்த விடையைக் குழுப் பேச்சுக்குப் பின் மாற்றிக்கொண்ட பிள்ளை பழையதை அழிக்காமல், ஒரு கோட்டால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதட்டும். எந்த வரியைப் பார்த்து மாற்றியது என்ற இலக்கத்தையும் அருகே குறிக்கச் சொல்லுங்கள்.